தானாக நேரான சட்டங்கள்

ஏப்ரல் 28, திங்கள்

தச்சர் இன்று காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டார். இடைப்பட்ட நேரத்தில் அப்பா பேசினார்.

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு பெரிய மாடக்குழி. அதில் கடப்பாக்கல் அடுக்குகள். அதன் முன்பக்கம் ஒரு மரச்சட்டம் பொருத்தி, அதில் கதவு மாட்டினால் அலமாரி ஆகிவிடும். நிமிர்ந்து நிற்க மூன்று கட்டை, குறுக்கே இரண்டு கட்டை, அவ்வளவுதான். அப்பா இதற்கு ‘முகச்சட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் ஆறு மணி நேரம் வெளிநாட்டு மரவேலை வீடியோ பார்க்கிறார்.

தச்சர் டேப்பைக் கல்லில் வைத்ததும் அப்பா, “கனடாவுல இப்படி அளக்க மாட்டாங்க” என்றார்.

“அப்ப அங்கேருந்தே ஆளக் கூப்பிட்டுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“போகட்டும். நாமளே செய்வோம்” என்றார் அப்பா.

“நாமளேன்னா யாரு?” என்று அம்மா கேட்டாள்.

இந்த டைரி அப்பாவின் கல்லூரி டைரி, போன வருடத்தது. தேதிகளை அடித்துவிட்டு நான் எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் கல்லூரி முதல்வரின் படம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதக் கூச்சமாக இருந்ததால் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டேன்.

மே 2, வெள்ளி

பாத்திரங்கள் எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. என் கட்டிலில் பருப்பு டப்பாக்கள். அப்பாவின் சாய்வு நாற்காலியில் மட்டும் எதையும் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

அப்பா ‘உங்கள் வீடு உங்கள் கை’ என்று ஒரு சேனல் தொடங்கியிருக்கிறார். நான்தான் போனைப் பிடிக்க வேண்டும், எடுத்ததை வெட்டி ஒட்டவும் வேண்டும். இன்றைய வீடியோ: சமையலறையைக் காலி செய்வது எப்படி. காலி செய்தது அம்மா. பேசியது அப்பா.

நான் வீட்டில் இருப்பது இப்போது வசதியாகிவிட்டது என்று அப்பா சொன்னார். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை விளக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். விளக்கவில்லை. மறுநாளும் நிற்க வைத்தார்கள். அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, நான்தான் திரும்பிப் போகவில்லை. யாராவது கேட்டால் அப்பா, “ரோஸ்லினுக்கு உடம்புக்கு முடியல” என்கிறார்.

மே 5, திங்கள்

இன்னும் மரம் வாங்கவில்லை. மூன்று வீடியோ எடுத்தாயிற்று.

மே 9, வெள்ளி

மரம் வந்தது. வேங்கைச் சட்டங்கள், கடையிலேயே இழைத்துக் கொடுத்தார்கள். பால்கனிதான் பட்டறை. துணிக்கொடியைக் கழற்றியாயிற்று. ஈரத்துணிகளும் இப்போது கூடத்தில்.

முகச்சட்டம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு கட்டையும் நான்கு அங்குல அகலம் என்று அப்பா முடிவு செய்தார். மூலைகளில் இரண்டு கட்டைகளையும் பாதி ஆழத்துக்கு வெட்டி ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்துப் பசை போட வேண்டும். அப்பா அறுத்தார். ஒரு மூலையில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொன்றில் பாதி வரவில்லை. பசை நிறையப் போட்டால் சமமாகிவிடும் என்றார்.

முடிந்ததும் தரையில் வைத்துப் பார்த்தோம். அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் சாய்த்தாள்.

“ஏங்க, இது படுத்துக்கிட்டு இருக்கா, நின்னுக்கிட்டு இருக்கா?”

“பசை காயட்டும்டி. காய்ஞ்சா நேராயிரும்.”

மே 12, திங்கள்

அப்பா பார்க்கும் வீடியோவில் வரும் கனடாக்காரர் எப்படிச் செய்கிறார் என்பதை நம் வீடியோவின் ஓரத்தில் சின்னதாகக் காட்ட வேண்டும் என்று அப்பா சொன்னார். அதற்காக அவர் அறுக்கும் காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். நாற்பது தடவை இருக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டால் நன்றாகப் புரிகிறது. அவர் கோட்டின்மேல் அறுப்பதில்லை. கோட்டுக்கு வெளியே, வேண்டாத பக்கத்தில் அறுக்கிறார். கோடு மரத்திலேயே நிற்கிறது. பிறகு மூலைக்கு மூலை நூல் பிடிக்கிறார். இரண்டு நூலும் ஒரே நீளமாக இருந்தால் சட்டம் நேர்.

எங்கள் சட்டத்துக்கு நூல் பிடித்தேன். ஒன்றே கால் அங்குலம் வித்தியாசம்.

மே 14, புதன்

அம்மா இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய இட்லிப் பானையை எடுத்துக்கொண்டு வந்து சட்டத்துக்குள் விட்டுப் பார்த்தாள். நான்கு அங்குலக் கட்டைகள் போக மீதியிருந்த இடைவெளியில் பானை நுழையவில்லை.

“கம்பீரமாத்தான் இருக்கு” என்றாள். “ஒண்ணு பண்ணுங்க. பானைய உள்ள வச்சிட்டு அப்புறமா சட்டத்த அடிச்சிருங்க. அது பாட்டுக்கு உள்ளயே இருக்கட்டும். நாம இனிமே தோச சாப்பிட்டுக்கலாம்.”

அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மே 19, திங்கள்

சட்டம் நேராகிவிட்டது.

அப்பா மதியம் ஒன்றிலிருந்து நாலரை வரை தூங்குவார். பக்கத்தில் போனில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே கனடாக்காரர் ஓயாமல் அறுத்துக்கொண்டிருப்பதால் பால்கனியில் யாராவது அறுத்தாலும் அவருக்குக் கேட்காது. நான்கு நாட்களாக அப்படித்தான் போயிற்று.

இன்று எழுந்து வந்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். நான்கு மூலையும் சரியாக இருந்தன. கட்டைகளின் அகலமும் இரண்டு அங்குலமாக இருந்தது. அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

“பாத்தியா? பசை இறுகினதும் இழுத்துக்கிச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

“ஆமாப்பா.”

அம்மா என் விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டுக் காபி போடப் போனாள்.

மே 25, ஞாயிறு

சட்டத்தைச் சுவரில் பொருத்தி, கடையில் அளவுக்கு அறுத்து வாங்கிய கதவுகளை மாட்டிவிட்டோம். இட்லிப் பானை உள்ளே போனது, வெளியேயும் வந்தது. அம்மா இரண்டு தடவை செய்து பார்த்தாள்.

‘பசையின் ரகசியம்’ வீடியோவை எண்ணூறு பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் ஆறு வீடுகள். மாலையில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். அப்பா ஐந்து பேருக்கும் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். மரத்தை அவர்கள் வாங்கிக் கொடுத்தால் போதுமாம், இது சமூக சேவையாம்.

நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

மே 27, செவ்வாய்

“அளவா? எதுக்கு அளவு? ஆறு வீடும் ஒரே பிளான். நம்ம வீடு நாப்பத்தேழு இஞ்ச்னா எல்லா வீடும் நாப்பத்தேழு” என்றார் அப்பா.

மதியம் அவர் தூங்கியதும் டேப்பை எடுத்துக்கொண்டு மேல்வீட்டு ஜமீலா அக்கா வீட்டு வாசலில் நின்றேன். மணி அடிக்கவில்லை. திரும்பிவிடலாம் என்று இரண்டு படி இறங்கியபோது அவரே கதவைத் திறந்துவிட்டார்.

“யாரு, சேனல் கேமராமேனா? என்னம்மா வேணும்?”

டேப்பைக் காட்டினேன்.

“வாய்ல சொன்னா என்ன, டேக்ஸா போடுவாங்க? சரி, வா உள்ள.”

நாற்பத்தேழரை. மேலே நாற்பத்தேழரை, கீழே நாற்பத்தேழு. கட்டியவர்கள் மேலேறும்போது ஒரு மாதிரி, கீழிறங்கும்போது ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டேன். ஜமீலா அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க அப்பா வரலையா அளக்க?”

“தூங்குறாங்க.”

“பசை இறுகுற நேரமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. சேமியா கொடுத்தார், சாப்பிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

எல்லா வீடும் அளந்தாயிற்று. ஒரு வீட்டில் “அளக்கணும்” என்று சொன்னேன். இன்னொரு வீட்டில் “அந்த டப்பாவக் கொஞ்சம் எடுக்கிறீங்களா?” என்றும் கேட்டேன். கடைசியாக, அடுக்ககச் சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் சார் வீடு. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, படிக்கட்டுக்கு மறுபக்கம். அவர் சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோலவே வீட்டிலும் பேசுகிறார்.

நாற்பத்தாறே கால். மூன்று தடவை அளந்தேன். எங்கள் வீட்டைவிட முக்கால் அங்குலம் குறைவு. ஆறு வீட்டில் எந்த இரண்டும் ஒரே அளவு இல்லை.

ஜூன் 7, சனி

ஜமீலா அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விண்ணப்பம். தச்சர் பிரிவும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், நான் தேர்ச்சிதான். கடைசி நாள் ஜூன் 26. கீழே பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

அப்பாவின் காபி டம்ளருக்கு அடியில் விண்ணப்பத்தை வைத்தேன். வாயால் கேட்காமல் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் அதன் பின்பக்கத்தில் அடுத்த வீடியோவுக்கான பேச்சை எழுதியிருக்கிறார். தலைப்பு: ‘பெண்பிள்ளைகளும் கைத்தொழில் கற்க வேண்டும்’. பிறகு பசை டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டார். மாலையில் அந்தப் பேச்சைப் படமெடுத்தேன். நன்றாகப் பேசினார். எனக்கே கண் கலங்கியது.

ஜமீலா அக்கா இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 14, சனி

நான்கு வீட்டுச் சட்டங்களும் பொருத்தியாயிற்று. அப்பா எல்லாவற்றையும் நாற்பத்தேழு என்று குறித்துக் கொடுத்தார். பசை இறுகியதில் ஒன்று மேற்பக்கம் மட்டும் நாற்பத்தேழரை ஆகிவிட்டது, ஒன்று நாற்பத்தாறே முக்கால் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் அந்தந்தச் சுவருக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

“ஒரே பிளான்னு சொன்னேனா இல்லியா?” என்று அப்பா கேமராவைப் பார்த்துக் கேட்டார். பின்னால் நின்ற ஜமீலா அக்கா, “சார் சொன்னா சுவரே கேக்கும்” என்றார். அப்பா அதை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

தலைவர் வீட்டுச் சட்டத்தைத் தானே தனியாகச் செய்யப் போவதாக அப்பா அறிவித்தார். வரும் ஞாயிறு திறப்பு விழா. ஒரு சமையலறை அலமாரிக்கு. ரிப்பன், கத்தரிக்கோல், லட்டு, நேரலை எல்லாம் உண்டு. இந்த வாரம் மதியத் தூக்கமும் கிடையாதாம்.

அளவு நாற்பத்தேழு என்று கட்டையில் கோடு போட்டார். சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன். மறுபடி எழுந்தேன். அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 18, புதன்

அப்பா சங்க அலுவலகத்துக்கு விழா அழைப்பிதழ் எழுதப் போய்விட்டார். மீந்த கட்டைகள் பால்கனியில் கிடந்தன. சும்மாதானே இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இன்று கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் வாயில் சோறு இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கேட்க முடிந்தது.

“ஐடிஐயா? தச்சுப் பட்டறையா?” என்றார் விழுங்கிவிட்டு. “ஆம்பளப் பசங்க நாப்பது பேரு இருப்பானுங்க. வாத்தியாரு கேள்வி கேப்பாரு. நீ வாயத் தொறப்பியா? மறுபடி நின்னுட்டு வரவா? எனக்குப் பாக்க முடியாதும்மா.”

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை.

“அதோட, நீ போய்ட்டா கேமரா யாரு பிடிப்பா? சேனல் இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு.”

விண்ணப்பத்தை டைரிக்குள் வைத்துவிட்டேன். இன்னும் ஆறு நாள்.

ஜூன் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

தலைவர் வீட்டுச் சமையலறையில் இருபது பேர். மாடக்குழிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். தலைவர் ரிப்பனை வெட்டிவிட்டு, கூட்டு முயற்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நேரலையில் முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பத்தொன்பது பேர்.

அப்பா துணியை விலக்கிச் சட்டத்தைத் தூக்கினார். இடது பக்கம் உள்ளே போனது. வலது பக்கம் போகவில்லை. இடதை வெளியே எடுத்து வலதை நுழைத்தார். இடது போகவில்லை. தோளால் தள்ளினார்.

“சுவரு வளைஞ்சிருக்கு” என்றார் கேமராவிடம்.

“யாரு வீட்டுச் சுவரு?” என்றார் தலைவர். “பதினாலு வருஷமா இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு உங்களப் பாத்து வளைஞ்சிருச்சா?”

“கொஞ்சம் எண்ணெ தடவுங்க சார், வழுக்கிக்கிட்டுப் போயிரும்” என்று யாரோ சொன்னார்கள். யாரோ எண்ணெயும் கொண்டுவந்தார்கள். அப்பா தடவினார். தள்ளினார். இப்போது கையும் வழுக்கியது. நேரலையில் பார்ப்பவர்கள் நூற்றுப் பத்து ஆகிவிட்டார்கள்.

அப்பாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. என் பக்கம் பார்த்தார். கேமராவைப் பார்த்தாரா என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. “சுத்தியல் கொண்டாங்க” என்றார். முதல் அடியில் மூலையில், பாதி வெட்டிய இடத்தில், மெல்லிய விரிசல் ஓடியது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கினார்.

“அப்பா, அடிக்காதீங்க. முக்கால் இஞ்ச் ஜாஸ்தி. இந்த வீடு நாப்பத்தாறே கால்.”

என் குரல் எனக்கே பக்கத்தில் யாரோ பேசியது போல இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். போனும் என் கையில் இருந்ததால் நேரலையில் என் குரல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் தலைவர்.

“அவதான் வந்து அளந்தா” என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். “அன்னைக்கு நீங்க அவகிட்ட தண்ணி வரியப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க.”

“ரோஸ்லினு, உங்க பால்கனில இன்னொண்ணு துணி போத்திச் சாத்தி வச்சிருக்கியே, அத எடுத்துட்டு வா” என்றார் ஜமீலா அக்கா. மேல்வீட்டிலிருந்து எங்கள் பால்கனி தெரியும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். கொண்டுவந்து நானே வைத்தேன். கீழ்ப்பக்கத்தை முதலில் வைத்து மேல்பக்கத்தைச் சாய்த்தேன். போய் உட்கார்ந்தது. தட்ட வேண்டியிருக்கவில்லை. பிறகு யாரோ கைதட்டினார்கள்.

அப்பா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேமரா பக்கம் திரும்பினார்.

“நேயர்களே, இதத்தான் நான் எப்பவும் சொல்றது. கையில எப்பவும் ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கணும்.”

லட்டு கொடுத்தார்கள்.

ஜூன் 23, திங்கள்

காலையிலிருந்து அப்பா பேசவில்லை. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு அம்மா விண்ணப்பத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். நான் அவளிடம் கொடுக்கவில்லை. டைரிக்குள்தான் வைத்திருந்தேன்.

“கேமராவுக்கு ஆள் இல்லியேன்னு பாக்குறேன்” என்றார் அப்பா.

“நேத்து நான் பிடிச்சேனே, ஆடுச்சா?”

“ஆடல.”

“அப்ப நானே பிடிக்கிறேன். வாங்க, இன்னைக்கே ஒரு வீடியோ எடுத்திருவோம். நீங்க அறுங்க.”

பால்கனிக்குப் போனார்கள். நான் கதவோரம் நின்றேன். அம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். அப்பா, “நேயர்களே வணக்கம்” என்றார். கட்டையில் கோடு போட்டார். ரம்பத்தைக் கோட்டின்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“ரோஸ்லின்” என்றார் திரும்பாமல். “கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“வேண்டாத பக்கம்பா. கோடு மரத்துலயே நிக்கணும்.”

“வேண்டாத பக்கம் எது?”

அருகில் போய்த் தொட்டுக் காட்டினேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

“கட் பண்ணு” என்றார் அம்மாவிடம். பிறகு, “பேனா குடு.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு, அது காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். “நாப்பத்தேழரை, நாப்பத்தாறே முக்கால், எல்லாம் நீ போய் அளந்ததா?” என்று கேட்டார்.

“பசை...” என்று ஆரம்பித்தேன்.

“போதும் போ” என்றார்.

ஜூன் 26, வியாழன்

அப்பாவும் வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் வரிசை. எனக்குப் பின்னால் நின்ற பையனின் தகப்பனாரிடம் தன் சேனலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தன் மேற்பார்வையில் ஆறு வீட்டில் அலமாரி வேலை நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் முறை வந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தச்சர்னு போட்டிருக்கியே. தெரியாம டிக் பண்ணிட்டியா? தையல் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு.”

“இல்ல சார். தச்சர்தான்.”

“ரம்பம் புடிச்சிருக்கியா?”

தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லும்மா. என்ன செஞ்சிருக்க இதுவரைக்கும்?”

“ஆறு சமையலறைக்கு முகச்சட்டம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆறா? யாரு செஞ்சது?”

“நான்தான் சார். ஆறும் நான்தான் செஞ்சேன்.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது.

“ஆமாங்க” என்று அப்பா அந்தப் பையனின் தகப்பனாரிடம் சொல்வது கேட்டது. “அவதான்.”